எதுக்களிப்பும் கேஸ் மாத்திரையும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் இல்லை. நாகலாபுரத்தில் மருந்துக் கடை வைத்து முப்பது வருடம் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன். பருத்திக் காட்டிலிருந்து வருகிறவரும் சரி, பள்ளிக்கூடத்து வாத்தியாரும் சரி, கேட்டது ஒன்றுதான்: "ஒரு கேஸ் மாத்திரை கொடுங்க அண்ணாச்சி." கோவில்பட்டிக்குக் குடிவந்த பிறகு நம் லிஃப்டிலும் அதே பேச்சுதான் காதில் விழுகிறது. அதனால் இதையே பேசுகிறேன்.

இரைப்பைக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் வளையம் போல ஒரு தசை இருக்கிறது. சாப்பாடு இறங்கும்போது திறந்து, உடனே மூடிக்கொள்ள வேண்டும். அது நேரம் கெட்ட நேரத்தில் தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும். அதைத்தான் நம் ஊரில் எதுக்களிப்பு, நெஞ்சு கரிப்பு, புளிச்ச ஏப்பம் என்கிறோம். வாயு என்று சொல்வது பழக்கத்தில் வந்த பெயர். உண்மையில் தொல்லை கொடுப்பது பெரும்பாலும் அமிலம்.

முதலில் கைக்குழந்தைகள். நம் பிளாக்குகளில் இந்த வருடம் நாலைந்து வீட்டில் தொட்டில் கட்டியிருக்கிறோம். குழந்தை பால் கக்கினால் பாட்டி பதறுவார், அம்மா அழுவார், அப்பா கடைக்கு ஓடுவார். சிகாகோ பகுதியில் 948 குழந்தைகளின் பெற்றோரிடம் விசாரித்து 1997-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நாலு மாதத்துக் குழந்தைகளில் மூன்றில் இரண்டு தினமும் ஒரு தடவையாவது கக்கின. பத்து, பன்னிரண்டு மாதம் ஆனபோது அது 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பால் தண்ணீரான ஆகாரம், பிள்ளை எந்நேரமும் படுத்தே கிடக்கிறது, தசையும் இன்னும் பக்குவப்படவில்லை. உட்கார்ந்து, நின்று, சோறு தின்ன ஆரம்பித்தால் பெரும்பாலும் தானாக நின்றுவிடும்.

அமிலத்தைக் குறைக்கும் மருந்து கொடுத்தால் சீக்கிரம் நிற்காதா என்று கேட்பீர்கள். அதையும் பார்த்துவிட்டார்கள். 2009-இல் வெளியான ஆய்வில் ஒரு வயதுக்கு உட்பட்ட 162 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு லான்சோபிரசோல், மறு பாதிக்கு மருந்தே இல்லாத வெறும் கலவை கொடுத்தார்கள். எது யாருக்கு என்று பெற்றோருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் சரியாக 54 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. ஆனால் கடுமையான பக்க விளைவுகள், முக்கியமாக நெஞ்சுச் சளித் தொற்று, மருந்து குடித்த பிள்ளைகளிடம்தான் அதிகம். என்னைக் கேட்டால், பிறந்த குழந்தை இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டிய செய்தி இது. சிசாப்ரைடு என்று ஒரு மருந்து இருந்தது. எதுக்களிக்கும் பிள்ளைகளுக்கு உலகம் பூராவும் எழுதினார்கள். இதயத் துடிப்பைக் குலைக்கிறது என்று தெரிந்து 2011-இல் இந்தியாவிலும் தடை செய்தார்கள்.

எடை கூடிக்கொண்டு, சிரித்து விளையாடுகிற குழந்தை கக்கினால் ஒரு துண்டு போதும். பால் குடித்ததும் தோளில் போட்டுக் கொஞ்ச நேரம் நிமிர்த்திப் பிடியுங்கள். தூங்க வைப்பது மல்லாக்கத்தான், கக்குகிற பிள்ளையானாலும். ஆனால் பச்சை நிறத்தில் வாந்தி, ரத்தம், பீய்ச்சி அடிப்பது போல வாந்தி, எடை ஏறாமை, காய்ச்சல் இருந்தால் கடைக்கு வராதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனி பெரியவர்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில் சுமார் 8 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. கிராமத்தைவிட நகரத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதைக் கேட்டதும் "கம்பங்கஞ்சியை விட்டோம், வந்தது வினை" என்று யாராவது சொல்வீர்கள். அவ்வளவு எளிதாக முடிவு கட்ட முடியாது. தொந்தி ஒரு காரணம் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. வயிற்றின் அழுத்தம் அந்தத் தசையை வெல்கிறது.

மிளகாய் விஷயம் சுவாரசியமானது. உறைப்பையும் சூட்டையும் உணர்கிற ஒரே உணர்வுக் கதவு நம் நரம்பில் இருக்கிறது. அமிலமும் அதையே தட்டுகிறது. அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதனால்தான் ஏற்கெனவே புண்பட்ட உணவுக்குழாயில் நம் கரிசல் மிளகாய் இறங்கினால் எரிகிறது. எரியாதவர் மிளகாயைக் கைவிட வேண்டியதில்லை.

மாத்திரைக்கு வருகிறேன். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் நல்ல மருந்துகள், குறை சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், டாக்டர் சொன்ன வாரங்களுக்கு. சிக்கல் நிறுத்தும்போது வருகிறது. டென்மார்க்கில் வயிற்றுத் தொல்லையே இல்லாத 120 பேரில் ஒரு பாதிக்கு எட்டு வாரம் இந்த வகை மாத்திரை கொடுத்து நிறுத்தினார்கள். அவர்களில் 44 சதவீதம் பேருக்குப் புதிதாக நெஞ்செரிச்சலும் புளிப்பும் வந்தன. மருந்தில்லா மாத்திரை தின்றவர்களில் 15 சதவீதம்தான். அடக்கி வைத்த அமிலம் கொஞ்ச நாள் பொங்குகிறது. நாம் என்ன நினைக்கிறோம்? "பாரு, நிறுத்தினதும் திரும்ப வந்துட்டு" என்று இன்னொரு அட்டை வாங்குகிறோம். இப்படியே வருஷக்கணக்கில் போகிறவர்களை எனக்குத் தெரியும். டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்கலாம். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள், உணவுக்குழாயில் புண் உள்ளவர்கள் தாங்களாக நிறுத்த வேண்டாம். அவர்களுக்கு அது தேவையாக இருக்கும்.

செலவில்லாத வைத்தியமும் உண்டு. ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி. சீரியல் முடிந்து பத்து மணிக்குத் தோசை சுடுகிற வீடுகள் இதைக் கவனிக்கவும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு ஆறு அங்குலக் கட்டை வையுங்கள். தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி இன்னும் மோசமாகும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் ஏறின அமிலம் சீக்கிரம் இறங்கும். விழுங்கக் கஷ்டம், தானாக எடை குறைவது, கறுப்பாக மலம் போவது இருந்தால் எண்டோஸ்கோபி பார்க்க வேண்டும்.

கடைசியாக, எனக்குப் பயம் தருகிற விஷயம். நெஞ்சு அடைப்பது போல இருந்து, வியர்த்து, தோள்பட்டைக்கோ தாடைக்கோ வலி பரவினால் அது கேஸ் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி லேசாகவே இருக்கலாம். சோடா குடித்து ஏப்பம் வருகிறதா என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, போய் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். ராத்திரி எந்த நேரமானாலும் வாட்ச்மேனுக்கு இன்டர்காமில் சொல்லுங்கள். கேட்டைத் திறந்து வைத்து, லிஃப்டைக் கீழே பிடித்து வைக்கச் சொல்லிச் செயலாளரிடம் பேசியிருக்கிறேன்.