சுவரில் ஒரு காது படம்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் அயோனா என்றொரு குட்டித் தீவு. அங்கே ஒரு பழைய கல் தேவாலயம். அமெரிக்க உளவியல் பேராசிரியர் டேவிட் மயர்ஸ் 1999-இல் அங்கே வழிபாட்டுக்குப் போயிருந்தார். காதில் செவித்துணைக் கருவி இருந்தும் பேச்சு பிடிபடவில்லை. குரல் கல் சுவர்களில் மோதி எதிரொலித்து ஒரே குழப்பம். மனைவி சுவரைக் காட்டினார். காது படம், கூடவே 'டி' என்ற எழுத்து. மயர்ஸ் தன் கருவியை 'டி'க்கு மாற்றினார். சட்டென்று, பேசியவர் காதருகே வந்து நின்றதுபோல் அத்தனை தெளிவு! அவருக்கு அழுகையே வரும்போல ஆகிவிட்டது.

இது எப்படி நடக்கிறது? அரங்கைச் சுற்றி ஒரு கம்பி ஓடுகிறது. மைக்கில் விழும் குரல் அதன் வழியே காந்தப்புலமாகிறது. கருவிக்குள் உள்ள சின்னக் கம்பிச்சுருள் அதைப் பிடித்துக் குரலாக்கித் தருகிறது. எதிரொலியும் பக்கத்து இருமலும் குறுக்கே வருவதில்லை. ஒலிபெருக்கியைக் கூட்டிவைத்தால் போதும் என்று நினைக்கிறோம். சத்தத்தோடு எதிரொலியும் அல்லவா கூடுகிறது!

ஊர் திரும்பிய மயர்ஸ், மிச்சிகனில் தன் ஹாலந்து நகரத்து தேவாலயங்களில் இந்தக் கம்பி வசதியை அமைக்கப் பாடுபட்டார். உங்கள் வீட்டுப் பெரியவரின் கருவியிலும் இந்த 'டி' வசதி இருக்கலாம். பொருத்தித் தந்தவரிடம் இன்றே கேளுங்கள். பலருக்கு அதை இயக்கிக் கொடுப்பதே இல்லை.