கேரியரில் உட்கார்ந்தது போதும்



முதுமையில் உடல்நலம் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். புதுக்கோட்டை மேடையில் நின்றுகொண்டு அந்தத் தலைப்பில் சைக்கிளைத் தவிர வேறெதைப் பேசுவது?

பேரப்பிள்ளைகள் சிலர் வந்திருக்கிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். 1991இல் இந்த மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் வந்தது. எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று முன்னின்றவர் அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். கல்குவாரியில் கல் உடைத்த பெண்கள், வயல் வேலைக்குப் போனவர்கள், பாலர்பள்ளி ஆசிரியைகள், வீட்டு வாசலைத் தாண்டாத இஸ்லாமியச் சகோதரிகள் என்று ஒரு லட்சம் பேருக்கு மேல் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் வந்து பார்த்துப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினோம். அதுவே வசதி என்றும் சிலர் சொன்னார்கள். முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! 1992 மகளிர் தினத்தன்று ஹேண்டில்பாரில் கொடி கட்டி, பெல் அடித்துக்கொண்டு 1,500 பெண்கள் இந்த ஊர் வீதிகளில் போனபோது கடைக்காரர்கள் தராசைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். ஆட்டக்காரிகள் என்று பேசியவர்களும் உண்டு. பேசிவிட்டுப் போகட்டும் என்றுதானே மிதித்தோம்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்றைக்கு இருபத்தைந்து வயதுக்காரிக்கு இன்றைக்கு அறுபது. அந்த சைக்கிள் எங்கே? மகன் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனான், பிறகு பழைய இரும்புக்குப் போனது. ஒருகாலத்தில் கேரியரில் தண்ணீர்க் குடம் கட்டி மிதித்தவள், இன்று மகனுடைய பைக்கில் ஒருபக்கமாக உட்கார்ந்து, 'எப்பப்பா கூட்டிட்டுப் போவே' என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். 2021இல் மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து வந்தது. நல்ல திட்டம், நானும் அதில்தான் வந்தேன். ஆனால் காசு மிச்சமானதோடு காலுக்கு வேலையும் மிச்சமாகிவிட்டது.

'முட்டி வலிக்குதே, எப்படி மிதிக்கிறது?' இது எனக்கு வழக்கமாக வரும் கேள்வி. நடக்கும்போது முட்டி நம் உடல் பாரத்தைச் சுமக்கிறது. சைக்கிளில் அந்தப் பாரத்தில் பெரும்பகுதியை சீட் வாங்கிக்கொள்கிறது. மிதிக்க மிதிக்கத் தொடைத் தசை உரம் பெறும். முட்டிக்கு முட்டுக்கொடுப்பதே அந்தத் தசைதான். ஆனால் நம் பெண்கள் ஒன்று செய்கிறார்கள். இரண்டு காலும் தரையில் படவேண்டும் என்று சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுகிறார்கள். அப்போது ஒவ்வொரு மிதிக்கும் முட்டி மடங்கி மடங்கி வலிக்கத்தான் செய்யும். பெடல் கீழே போகும்போது கால் ஏறக்குறைய நீண்டு, முட்டி லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கிக் காலை ஊன்றுங்கள். அதற்குத்தான் பார் இல்லாத லேடீஸ் சைக்கிள். செயின் கார்டு இருக்கட்டும், முந்தானையை இழுத்துச் செருகுங்கள். சுடிதார் போட்டால் இன்னும் நல்லது, அறுபதில் அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

சர்க்கரை உள்ளவர்களே, வேலை செய்யும் தசை ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும். இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு, பையில் நாலு மிட்டாய் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது உடல் உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எந்த வேகத்தில்? மிதித்துக்கொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அவ்வளவுதான்.

சைக்கிளின் குறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் சைக்கிள் கடைக்கு ஏஜெண்ட் ஆகிவிடுவேன். மாதவிடாய் நின்ற பிறகு நமக்கு எலும்பு வேகமாகத் தேய்கிறது. உடல் பாரத்தை சீட் சுமப்பதால் சைக்கிள் எலும்புக்குப் பெரிதாக உதவாது. அதற்கு நடக்க வேண்டும், படி ஏற வேண்டும், கொஞ்சம் கனம் தூக்க வேண்டும். விழுந்துவிடுவோம் என்ற பயத்தையும் நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்து நடப்பதே பெரும்பாடு. ஆகவே பைபாஸ் ரோடு வேண்டாம், மைதானம் போதும். தலைசுற்றல் இருப்பவர்களுக்கு மூன்று சக்கர சைக்கிள் இருக்கிறது, வீட்டுக்குள் நின்ற இடத்தில் மிதிப்பதும் இருக்கிறது.

ஆனால் 'இந்த வயசுல எதுக்கு?' என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் மரியாதை கிடையாது. பதினைந்தில் 'வயசுப் பொண்ணுக்கு எதுக்கு' என்றார்கள். அறுபதில் 'வயசான பொம்பளைக்கு எதுக்கு' என்கிறார்கள். அப்படியானால் சரியான வயசு என்றைக்குத்தான் வந்து போனது? அமெரிக்காவில் பிரான்சிஸ் வில்லார்டு என்ற அம்மையார், பெண்கள் இயக்கத் தலைவி, 53ஆம் வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டு, அந்தப் பாடத்தையே 1895இல் புத்தகமாகப் போட்டார். சைக்கிள் ஓட்டும் பெண்ணுக்கு முகம் கோணிப்போகும் என்று அந்தக் காலத்தில் மருத்துவர்களே பயமுறுத்தினார்கள். இங்கே லட்சம் பேர் மிதித்தார்களே, யாருக்காவது முகம் கோணியதா? பார்த்தவர்களுக்குத்தான் கோணியது.

இனி என் கோரிக்கை. முன்பு வாடகை சைக்கிள் கடை இருந்தது. சில்லறையைக் கொடுத்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கலாம். இன்று அறுபது வயதுக்காரி ஓட்டிப் பார்க்க வேண்டுமானால் முழுப் பணம் கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் கிரைண்டருக்கும் கடன் வாங்கும் மகளிர் குழுக்கள், அடுத்த கூட்டத்தில் பொதுவாக இரண்டு சைக்கிள் வாங்கத் தீர்மானம் போடட்டும். அறிவொளிக் காலத்தில் சைக்கிளுக்கு வங்கி கடன் கொடுத்த மாவட்டம் இது, புதிதாக எதையும் நாம் கேட்கவில்லை.

கவுன்சிலர் அம்மா மேடையில் இருக்கிறார்கள். ஊர் மாநகராட்சி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு முதல் எட்டு வரை மைதானத்துக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள் அம்மா. சாவி யாரிடம் இருக்கிறதென்று சொன்னால் நாங்களே போய் வாங்கிக்கொள்கிறோம்.