இல்லத்தில் விளையும் எண்ணறிவு



"இவனுக்குக் கணக்கு வராது." விருந்தினர் முன்னிலையில் பெற்றோர் இயல்பாகச் சொல்லிவிடும் சொல் இது. அருகில் நிற்கும் ஆறு வயதுக் குழந்தையும் அதைக் கேட்கிறது. சொன்னவர் மறந்துவிடுவார், குழந்தை மறப்பதில்லை. கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் அச்சொல்லே முன்வந்து நிற்கும்.

எட்டு என்று எழுதத் தெரிந்த குழந்தை, எட்டுப் புளியங்கொட்டைகளை எண்ணித் தரச் சொன்னால் தடுமாறுவதைக் காணலாம். கை எண்ணிப் பாராத எண், கரும்பலகையில் குறியாக முந்தி வந்துவிட்டது, இடர்ப்பாடு அவ்வளவே. அதைக் களைய வீட்டுப் பரணிலேயே மருந்து உண்டு.

பல்லாங்குழியை இறக்குங்கள். வரிசைக்கு ஏழாக 14 குழிகள். குழிக்கு ஐந்து வீதம் 70 கொட்டைகள். ஒரு குழியில் உள்ளவற்றை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இடும்போது, ஒரு பொருளுக்கு ஓர் எண் என்னும் முதற்பாடம் விரல் வழியே பதிகிறது. ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது 'பசு'. குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்வார். மூன்று கிடக்கும் குழியைப் பார்த்து, "இன்னும் ஒன்று விழுந்தால் பசு" என்று குழந்தை காத்திருக்கிறதே, அதுதான் கூட்டல். பொருள் வைத்து ஆடினால் சூது. புளியங்கொட்டை வைத்து ஆடினால் பாடம்.

அடுத்தது கைமறைப்பு ஆட்டம். ஐந்து கொட்டைகளைக் குழந்தையே எண்ணி வைக்கட்டும். பாட்டி சிலவற்றைக் கைக்குள் மூடிக்கொண்டு மீதியைக் காட்டுவார். வெளியே இரண்டு, உள்ளே எத்தனை? குழந்தை விடை சொன்னதும் கையைத் திறந்தால் போதும். சரி, தவறு என்று யாரும் தீர்ப்புக் கூற வேண்டுவதில்லை; கொட்டைகளே கூறிவிடும். ஐந்து பழகியபின் ஏழு, பிறகு பத்து. பத்தின் இணைகள் கைவந்த குழந்தை, எட்டையும் ஐந்தையும் கூட்டும்போது, ஐந்திலிருந்து இரண்டை எடுத்து எட்டைப் பத்தாக்கி, எஞ்சிய மூன்றைச் சேர்த்து 13 என்று தானே சொல்லும்.

சற்று வளர்ந்த குழந்தைக்கு 24 கொட்டைகளைக் கொடுங்கள். தீர்த்தங்கரர் எண்ணிக்கையாகக் கேட்டுப் பழகிய எண் அது. சமவரிசைகளாக அடுக்கச் சொன்னால், இரண்டு வரிசையில் பன்னிரண்டு, மூன்றில் எட்டு, நான்கில் ஆறு எனக் கண்டுபிடிக்கும். ஐந்து வரிசைக்கு முயன்றால் நான்கு மிஞ்சும். ஒரு கொட்டையை நீக்கி 23 ஆக்கிவிட்டால், ஒரே நெடுவரிசை தவிர வேறு வழியே இராது. வாய்பாடு, வகுத்தல், பகா எண் ஆகிய மூன்றும் அவற்றின் பெயர் அறியுமுன்பே பழகிவிடுகின்றன.

எண்ணோடு விளையாடும் இன்பம் சமண மரபுக்குப் புதிதன்று. 9-ஆம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த மகாவீராசாரியர் 'கணித சார சங்கிரகம்' இயற்றினார். இருபுறமிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமையும் பெருக்கற்பலன்களை அந்நூல் அணிகலன் போலக் கோத்துக் காட்டுகிறது. 139-ஐ 109-ஆல் பெருக்கினால் 15151. மூத்த பிள்ளைகள் இன்றே பெருக்கிப் பார்க்கலாம்.

ஓர் எச்சரிக்கை. மழலைகள் கொட்டையை வாயிலும் மூக்கிலும் இட்டுக்கொள்வர். அவர்களுக்கு எலுமிச்சம்பழங்களே போதும். பிறரும் பெரியவர் உடனிருக்கும்போதே ஆடட்டும். இரவு உணவுக்கு முன் பத்து நிமிடம் போதும். குழந்தை சலிக்குமுன் ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள்.

பள்ளிப் படிப்பை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திய பாட்டியும் இந்த ஆட்டங்களில் நல்லாசிரியரே. விடை தவறினாலும், "எப்படிக் கண்டாய்?" என்று அவர் கேட்கட்டும். குழந்தை தன் வழியைச் சொல்லிக்கொண்டே வருகையில், தவறிய இடத்தைத் தானே கண்டுகொள்ளும். "கணக்கு வராது" என்ற சொல்லுக்கு அவ்வீட்டில் பிறகு வேலையிராது.