நாயைக் கண்டால் ஓடாதீர்கள்



நான் இன்றும் விடியற்காலையில் ஓடுகிறவன். அதனால் ஒரு வார்த்தை. தெருநாய் உறுமிக்கொண்டு வந்தால் ஓடாதீங்க. ஓடுவதைத் துரத்துவது அதன் சுபாவம். நின்னுடுங்க. முறைத்துப் பார்க்காமல், முதுகைக் காட்டாமல், மெல்லப் பின்வாங்குங்கள். குட்டி போட்ட நாய் இருக்கும் பக்கம் போகவே வேண்டாம்.

மீறிக் கடித்துவிட்டால், சின்னக் கீறல்தானே என்று விடாதீங்க. குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க; ஊசி இலவசம். நம் காலத்தில் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பயந்தோமே, அது போயாச்சு, இப்போது கையில்தான். ஆனால் எல்லாத் தவணையும் போட்டுக்கணும். வெறிநோய் முற்றிவிட்டால் பிழைப்பது அரிது.

அடுத்த சந்திப்புக்கும் எல்லோரும் நலமாக வரணும்.