மடிந்த உயிரணுவும் மாரடைப்பும்

நெஞ்சு வலியால் திடீரென்று சாய்ந்தவரைப் பற்றிக் கேள்விப்படாத குடும்பம் நம் ஜொகூர்த் தோட்டங்களில் இராது. "நேற்று வரை நன்றாகத்தானே இருந்தார்!" என்று பேசிக் கொள்கிறோம். ஆனால், மாரடைப்பு நேற்றுத் தொடங்கிய நோய் அன்று. பல ஆண்டுகளாக இரத்தக் குழாயின் சுவருக்குள் ஓசையின்றி வளர்ந்த நோய் அது. அங்கே நடப்பது என்னவென்று இன்று பார்ப்போம்.

நம் உடலில் நாள்தோறும் ஆயிரக்கணக்கான கோடி உயிரணுக்கள் மடிகின்றன. அவற்றை உடனுக்குடன் விழுங்கி அப்புறப்படுத்தும் காவல் அணுக்களும் நம்முள் இருக்கின்றன. அணுக்கள் இவ்வாறு விழுங்கும் தொழிலை 1882-இல் இத்தாலியின் மெஸ்ஸினா நகரில் நட்சத்திர மீன் குஞ்சுகளில் கண்டவர் மெட்ச்னிகாப் என்னும் ருஷ்ய அறிஞர். நோய் எதிர்ப்பு ஆற்றல் பற்றிய ஆராய்ச்சிக்காக 1908-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

செம்பனைக் குலையை வெட்டினால் போதுமா? அன்றன்றே லாரி ஏற்றி ஆலைக்கு அனுப்ப வேண்டும். கிடந்தால் பழம் கெட்டு, எண்ணெயில் புளிப்பு ஏறும். உடலிலும் அப்படித்தான்.

இரத்தத்தில் கெட்ட கொழுப்பு மிகுந்தால், அது குழாயின் உட்சுவருக்குள் புகுந்து தங்குகிறது. காவல் அணுக்கள் ஓடிவந்து அதை விழுங்குகின்றன. அளவுக்கு மீறி விழுங்கி, நுரை போல உப்பி, அவையே மடிகின்றன. தொடக்கத்தில் பக்கத்து அணுக்கள் அவற்றை விழுங்கி இடத்தைச் சுத்தமாக்கிவிடும். நோய் முற்றும்போது இந்த வேலை தடைப்படுகிறது. அள்ளப்படாத அணுக்கள் வெடித்து உள்ளிருப்பதைக் கொட்டுகின்றன. புண் ஆறாமல் சீழ்க்கட்டி போன்ற ஒரு குழம்பு சேருகிறது. அதை மூடியிருக்கும் தோல் மெலிந்து ஒரு நாள் கிழிகிறது. கிழிந்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. அதுவே மாரடைப்பு.

மடிந்த அணுக்கள் ஏன் அள்ளப்படவில்லை? அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக அறிஞர்கள் 2016-இல் ஒரு காரணத்தை வெளியிட்டார்கள். அவ்வணுக்களின் மேல் "என்னைத் தின்னாதே" என்று சொல்வது போன்ற ஒரு புரதம் மிகுந்திருந்தது. அதை மறைத்தபோது எலிகளின் குழாய்ப் படிவு குறைந்தது. ஆனால் நல்ல சிவப்பணுக்களும் விழுங்கப்பட்டு இரத்தசோகை உண்டானது. ஆகவே, அந்த வழி இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது.

அதுவரை நம் கையில் இருப்பது, குப்பை சேராமல் காப்பது. 52 நாடுகளில் நடந்த ஆய்வொன்றின்படி, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரி 53 வயதில் வருகிறது. மற்ற நாட்டாருக்கோ ஏறக்குறைய 59. நம் முன்னோர் வந்த மண் அது. ஆகவே, நாற்பதைத் தொட்டவர்கள் அரசாங்கக் கிளினிக்கில் இரத்த அழுத்தம், இனிப்புநீர், கொழுப்பு மூன்றையும் பரிசோதிக்க வேண்டும். கொழுப்பைக் குறைக்க மருத்துவர் தரும் மாத்திரையை நாமாக நிறுத்தலாகாது. சிகரெட்டை அடியோடு விடவேண்டும்.

நெஞ்சில் இறுக்கம், கை அல்லது தாடை வலி, குளிர்ந்த வியர்வை கண்டால், "வாயுப்பிடிப்பு" என்று தைலம் தேய்த்துப் படுக்க வைக்காதீர்கள். உடனே 999-ஐ அழையுங்கள். அடைத்த குழாயைத் திறக்க ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.