முகக்குறியும் வரவு இடாப்பும்



நூற்றாண்டு விழாவில் பேச வைத்தியரை அழைத்தால் சீனி வருத்தம், பிரஷர் பற்றித்தான் பேசுவார் என்று நினைப்பார்கள். சங்கமும் அதைத்தான் கேட்டது. நாங்கள் வேறொன்றைப் பேச அனுமதி கேட்டோம். கொஞ்ச நாட்களுக்கு முன் எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஒரு தோழி தன் கைத்தொலைபேசித் திரையைப் படம்பிடித்துப் போட்டிருந்தாள். சிரித்த முகம் தொடங்கி அழுமூஞ்சி வரை ஐந்து முகங்கள். "இன்றைக்கு எப்படி இருக்கிறாய்?" என்று போன் ஒவ்வொரு நாளும் கேட்கிறது, ஒன்றை அழுத்தினால் போதும், மாத முடிவில் கோடு கீறிக் காட்டும் என்று எழுதியிருந்தாள். அந்தக் கிழமைக்குள் எங்களில் பலர் அதைப் போனில் ஏற்றிவிட்டோம். வைத்தியர்களும்தான்.

யோசனை பழையது. ஜெர்மனிய மனநல வைத்தியர் எமில் கிரேப்பெலின், தன் நோயாளர்களின் மனம் எந்த மாதம் ஏறியது, எந்த மாதம் இறங்கியது என்று ஆண்டுக்கணக்காகக் கட்டம் போட்டுக் குறித்து வைத்தவர். அவர் இறந்தது 1926இல். எமது பாடசாலையின் வயது அளவுக்குப் பழைய கதை. இன்று டேலியோ போன்ற செயலிகள் அந்தக் கட்டத்தை எங்கள் கைக்குள் தந்துவிட்டன. 2023இல் இருந்து ஐபோனின் சுகாதாரச் செயலியே மனநிலையைப் பதிய இடம் தருகிறது. வைத்தியசாலைகளில் நாங்கள் பாவிக்கும் ஒன்பது கேள்விப் படிவமும் அதற்குள் இருக்கிறது.

நாங்கள் இவற்றுக்கு எதிரானவர்கள் அல்ல. மனம் ஒரேயடியாகத் துள்ளி ஏறி, பிறகு குழிக்குள் விழும் இருமுனை நோய் உள்ளவருக்கு இந்தப் பதிவு பெரிய உதவி. நித்திரை நாலு மணித்தியாலமாகக் குறைந்தும் களைப்புத் தெரியவில்லை என்றால், மனம் எல்லை மீறி ஏறத் தொடங்கிவிட்டது என்பதை வீட்டாருக்கு முன்பே அந்தக் கோடு சொல்லிவிடும். மாதவிடாய்க்கு முன் வரும் கடும் மனச்சோர்வை உறுதிப்படுத்துவதற்கும், குறைந்தது இரண்டு மாதச் சுற்றுக்கு நாளாந்தம் குறித்து வரும்படி நாங்களே கேட்கிறோம். நாற்பது கடந்த எங்கள் வகுப்புக்காரிகளுக்கு இது நன்றாகவே விளங்கும். "போன மாதம் எப்படி இருந்தது?" என்று கிளினிக்கில் கேட்டால் யாருக்கும் சரியாக ஞாபகம் வராது. அன்று காலையில் இருந்த மனநிலையையே முழு மாதத்துக்கும் சொல்லிவிடுவார்கள். அந்த இடத்தில் குறிப்பு கைகொடுக்கும்.

ஆனால் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருவரையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியே சொல்கிறோம்.

ஒருவர் சம்மாந்துறைப் பக்கத்து ராத்தா. மகள் வெளிநாட்டில். உம்மாவின் கவலையை அங்கிருந்தே பார்க்கலாம் என்று மகள்தான் செயலியைப் போட்டுக் கொடுத்து, இரவில் ஒரு முகத்தை அழுத்தப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறாள். ராத்தா எங்களிடம் வந்தது நெஞ்சு இடிக்கிறது என்று. ஈ.சி.ஜி.யில் ஒன்றும் இல்லை. போனை வாங்கிப் பார்த்தோம். ஐந்து மாதமாக நடு முகம், நடு முகம், நடு முகம். கோடு பாய் விரித்தது போல நேராகக் கிடந்தது. நித்திரை எப்படி என்று கேட்டோம். சுபஹு வரைக்கும் விழித்துக் கிடப்பதாகச் சொன்னார். அப்படியென்றால் ஏன் நடு முகம்?

"வேற மூஞ்சிய அமத்தினா மகள் அங்க இருந்து பதறுவாள் டொக்டர். பேரனும் இந்தப் போனத்தான் எடுத்து விளையாடுறான். அதோட, அந்த அஞ்சு மூஞ்சியிலயும் என்ட மூஞ்சி இல்ல."

இந்தப் பதிலில் எங்கள் பக்கத்து வீடுகள் எல்லாம் இருக்கின்றன. செயலியை உருவாக்கியவர்கள், ஒரு போனுக்கு ஒரு ஆள், அந்த ஆளுக்கு ஒரு தனி அறை என்று நினைத்திருப்பார்கள் போலும். எங்கள் வீடுகளில் போன் கைமாறும். அம்மாவோ உம்மாவோ பிள்ளைக்குப் பயந்து அல்ல, பிள்ளைக்காகவே பொய் சொல்வாள். எங்கள் ஊர்களில் "கவலை" என்று வாய் திறந்து சொல்பவர்களும் குறைவு. தலையிடி, உடம்பு உளைவு, நெஞ்சுக்குள் ஏதோ ஏறி இருக்கிறது, யோசனை கூடிப் போச்சு என்றுதான் வருவார்கள். அந்தச் சொற்களுக்கு அந்தத் திரையில் பொத்தான் இல்லை.

மற்றவர் எங்களோடு படித்தவர், இப்போது கனடாவில். இரண்டு வருடப் பதிவை எங்களுக்கு அனுப்பி, "ஓகஸ்ட் மாதம் வந்தால் ஏன் இப்படி விழுகிறேன்? இங்கே நல்ல வெயில் காலம்" என்று கேட்டிருந்தார். நித்திரை குறைந்த நாட்களோடு மனமும் விழுகிறது என்று செயலி கணக்குக் காட்டியிருந்தது. கணக்குச் சரிதான். நித்திரை ஏன் குறைந்தது என்று அதற்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். 1990 ஓகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல். ஓகஸ்ட் 12 வீரமுனை. ஒரே மாதத்தில், ஒன்பது நாள் இடைவெளியில், இரு பக்கமும் பிள்ளைகள் அநாதைகளான காலம். அவருக்கு அப்போது பத்து வயது. அன்றைய நாளைப் பற்றிப் பிறகு ஒருநாளும் பேசியதில்லை. திகதியை மறந்துவிட்டதாகவே நினைத்திருந்தார். ஆனால் உடம்பு கலண்டர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26ஐக் கடந்த கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் குடும்பங்களிலும், வருட முடிவு நெருங்க நெருங்க இதே மாதிரி நித்திரை கெடுவதைப் பார்த்திருக்கிறோம். நினைவு நாள் கிட்டும்போது மனம் குழம்புவது வைத்தியத்தில் நன்கு அறியப்பட்ட விடயம். அந்தத் தோழியோடு இரண்டு மணித்தியாலம் பேசினோம். பாதி நேரம் இருவரும் பேசவில்லை என்பதே உண்மை.

இனி அந்த ஒன்பது கேள்விப் படிவத்துக்கு வருவோம். கடந்த இரண்டு கிழமைகளைப் பற்றிக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, கூட்டினால் ஆகக் கூடியது 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நோய் இருக்கலாம் என்று சந்தேகிக்கத்தான் அது. நோயைத் தீர்மானிக்க அல்ல. முக்கியமாக ஒன்பதாவது கேள்வி: செத்துப்போனால் நல்லது என்றோ, தன்னைக் காயப்படுத்த வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா? மொத்தம் 6 மட்டும் வந்து, இந்தக் கேள்விக்கு மட்டும் "சில நாட்கள்" என்று பதில் இருந்தால், 6 என்ற எண்ணைப் பார்த்து ஆறுதல் அடையக்கூடாது. அந்த ஒரு பதிலை அன்றைக்கே, ஆள் முகம் பார்த்துக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பயப்படாமல் கேளுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை இப்போதே போனில் சேமித்துக்கொள்ளுங்கள். மலரை வாசிப்பவர்கள், வாசிப்பதை நிறுத்திவிட்டுச் செய்தாலும் குறையில்லை.

வேளாண்மை செய்யும் ஊர்க்காரர் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறோம். 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தனர். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. அடுத்த பத்து வருடங்களில் அது ஏறத்தாழப் பாதியானது. கூடிய நஞ்சுள்ள பூச்சிகொல்லிகளைத் தடை செய்ததே பெரிய காரணம். வீட்டில் ஒருவரின் மனம் சரியில்லை என்றால், செயலி தேடுவதற்கு முன் மருந்துப் போத்தலை வீட்டை விட்டு அகற்றுங்கள்.

அந்தரங்கம் பற்றியும் ஒரு வார்த்தை. இணையவழி உளவளத்துணை நிறுவனமான பெட்டர்ஹெல்ப், பாவனையாளரின் தகவல்களை பேஸ்புக் போன்றவற்றுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்தது என்ற குற்றச்சாட்டில், 2023இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவுக்கு 78 இலட்சம் டொலர் கட்ட உடன்பட்டது. இலவசமாகக் கிடைப்பதைப் பதிவிறக்கும் முன், நாங்கள் எழுதுவது எங்கே போகிறது என்று பாருங்கள். போனுக்குள்ளேயே வைத்துப் பூட்டக்கூடியது என்றால் பரவாயில்லை. எங்களுக்கு ஒரு கொப்பியே போதும் என்பவர்களோடும் சண்டை இல்லை.

அந்தக் காலத்தில் எங்கள் மனநிலையைப் பதிந்தது வரவு இடாப்புத்தான். இடம்பெயர்ந்து திரும்பி வந்து வகுப்பில் இருந்தபோது, வகுப்பாசிரியை பெயர் கூப்பிடுவார். "வந்திருக்கிறேன் டீச்சர்" என்ற குரல் ஒருநாள் உள்ளுக்குள் போயிருந்தால், பேனை ஒரு கணம் நிற்கும். எல்லோர் முன்னாலும் ஒன்றும் கேட்கமாட்டார். இடைவேளையில், "மனே, இந்தக் கொப்பிகளைத் தூக்கிக்கொண்டு வா" என்பார். ஆசிரியர் அறை வரை போகும் வழியில்தான் கேள்வி வரும்: "விடியச் சாப்பிட்டியா? வீட்டில யார் நிக்கிறாங்க?" அந்தக் கொப்பிகளைத் தூக்கிப் போனவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

அந்த ராத்தா இப்போது கிளினிக்குக்கு வருகிறார். மருந்து ஒன்று தொடங்கியிருக்கிறோம். அவரிடம் அனுமதி கேட்டு, அவர் முன்னாலேயே மகளோடு பேசினோம். முகம் அழுத்துவதை நிறுத்திவிட்டு வெள்ளிக்கிழமைகளில் நேரில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள்; முதல் வெள்ளி உம்மா நிறைய அழுதாராம். நித்திரை மணித்தியாலத்தை மட்டும் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பேரன் எழுதிக் கொடுக்கிறான்.

எங்கள் வகுப்புக் குழுவிலும் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். ஓகஸ்ட் முதல் இரண்டு கிழமைகளும் டிசம்பர் கடைசிக் கிழமையும் முகக்குறி போடுவதில்லை. பெயர்ப் பட்டியலைப் பங்கு பிரித்து, ஆளுக்கு மூன்று பேரைக் கூப்பிடுகிறோம். டொரொண்டோவில் விடியும்போது இங்கே பின்நேரம், நேரம் ஒத்துவருகிறது. போன வருடம் இரண்டு பேர் போன் எடுக்கவில்லை. ஒருத்திக்குப் போன் பழுது. மற்றவளின் வீட்டுக்கு, பக்கத்து ஊரில் இருந்த தோழி ஓட்டோ பிடித்துப் போனாள்.