கையறுநிலையும் மனச்சோர்வும்



தகடூர் என்னும் பழம்பெயரைச் சொன்ன அளவில் இரண்டு பெயர்கள் இணைந்தே நினைவுக்கு வருகின்றன. ஒன்று அதியமான் நெடுமான் அஞ்சி, மற்றொன்று ஔவையார். நெல்லிக்கனியின் கதை தருமபுரிப் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. அந்த அதியமான் மாண்டபின் ஔவையார் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. அவை கையறுநிலை என்னும் துறையைச் சார்ந்தவை. கையறுதல் என்பது செயலற்றுப் போதல். ஆயினும், கையற்ற நிலையைப் பாடிய ஔவையார் செயலற்று விடவில்லை. மாண்டவனின் ஈகையை எண்ணி எண்ணிப் பாடினார். கேட்போரையும் தம் துயரத்தில் பங்குகொள்ளச் செய்தார்.

மருத்துவம் மனச்சோர்வு என்று பெயரிடுவது இத்தகைய துயரத்தை அன்று. குறைந்தது இரண்டு வாரம், நாளின் பெரும்பகுதியும் நீடிக்கும் சோர்வு, முன்பு விரும்பிய எதிலும் நாட்டமின்மை, உறக்கமும் பசியும் கெடுதல், சிந்தனை மந்தப்படுதல், தன்னைத் தானே பழித்துக்கொள்ளல், சிலரிடம் சாவைப் பற்றிய நினைவு. இவை பலவும் ஒருங்கே அமைவதே அந்நோய். இழப்பின் துயரத்தில் இருப்பவர் ஆறுதல் சொல்ல வருபவரைப் பற்றிக்கொண்டு அழுவார். மனச்சோர்வுற்றவரோ கதவைத் திறக்கவும் எழுந்து வரமாட்டார்.

உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதை மெய்ப்பாடு என்றார் தொல்காப்பியர். மனச்சோர்வில் அம்மெய்ப்பாடே குன்றிவிடுகிறது. முகத்தில் அசைவு குறைகிறது, குரல் தாழ்கிறது, ஒரு சொல்லுக்கும் மறுசொல்லுக்கும் இடைவெளி நீள்கிறது. மாதக் கூட்டத்திற்குத் தவறாது வந்த ஒருவர் இரண்டு மாதம் வரவில்லை; கடிதத்திற்கு மறுமொழி இல்லை; வழியில் கண்டாலும் முகம் கொடுப்பதில்லை என்று கொள்வோம். 'புத்தகம் வந்ததும் செருக்கு வந்துவிட்டது' என்று சிலர் சொல்வர். 'என்ன குறை வைத்தோம்' என்று சிலர் வருந்துவர். இருசாராரும் மெல்ல விலகுவர். அந்த விலகல், தாம் எவருக்கும் வேண்டாதவர் என்ற அவருடைய எண்ணத்தை மெய்ப்பித்துக் காட்டிவிடும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் காயின் 1976ஆம் ஆண்டிலேயே இச்சுழலை ஆய்ந்து எழுதினார். மனச்சோர்வுற்றோருடன் பேசியவர்களின் மனநிலையும் தாழ்வதையும், அவர்கள் மீண்டும் பேச விரும்பாமல் ஒதுங்குவதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

இவ்விலகலுக்கு உடலில் வேர் உண்டு. இதனை அறிவுலகம் உணரத் தலைப்பட்டது 1950களில். இந்திய மருத்துவத்தில் நெடுங்காலம் வழங்கிவரும் சர்ப்பகந்தா வேரிலிருந்து ரெசர்பின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டு, இரத்த அழுத்தத்திற்கு மருந்தாயிற்று. அதனை உட்கொண்டோருள் சிலர் ஆழ்ந்த சோர்வுக்கு ஆளாயினர் என்ற செய்திகள் வந்தன. இதற்கு மாறாக, 1952ஆம் ஆண்டு நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியசிட் என்னும் மருந்து தரப்பட்டபோது, அவர்களிடம் பசியும் உற்சாகமும் கலகலப்பும் மிகுந்தன. முன்னது செரட்டோனின், நார்அட்ரினலின் முதலிய மூளை வேதிப்பொருள்களைக் குறைப்பது. பின்னது அவை சிதையாமல் காப்பது. இப்பொருள்களின் குறைவே மனச்சோர்வு என்ற கொள்கை இவ்வாறு பிறந்தது.

அக்கொள்கை அத்தனை எளியதன்று எனப் பின்னர்த் தெரிந்தது. செரட்டோனின் குறைவே காரணம் என்பதற்கு உறுதியான சான்றில்லை என்று 2022ஆம் ஆண்டில் வெளிவந்த விரிவான மீளாய்வு ஒன்று முடிவு கூறியது. மருந்துகள் பலருக்குப் பயன் தருகின்றன என்பதும், அவற்றைத் தாமாக நிறுத்துவது தீங்கு என்பதும் வேறு செய்திகள். இன்றைய அறிவு ஒரே பொருளைக் குற்றம் சாட்டுவதில்லை. கடும் மனச்சோர்வுற்றோர் பலரிடம் கார்டிசால் என்னும் நெருக்கடிச் சுரப்பு மிகுந்து காணப்படுகிறது. இன்பத்தை எதிர்நோக்கச் செய்யும் மூளைப்பகுதி மந்தமாகிறது. அதனால் நண்பரின் பாராட்டு காதில் விழுந்தும் உள்ளத்தில் விழுவதில்லை. உணர்ச்சியற்ற முகமும் கடுகடுத்த முகமாகவே தோன்றுகிறது.

காய்ச்சல் கண்ட ஆடு மந்தையை விட்டு ஒதுங்கி மூலையில் படுப்பதை இம்மாவட்டத்து உழவர் அறிவர். நோயை எதிர்க்கும் வேதிப்பொருள்கள் மூளையை எட்டி, 'ஒதுங்கு, ஓய்ந்திரு' என ஏவுவதன் விளைவு அது. மனிதரிடமும் அவ்வாறே. கல்லீரல் அழற்சிக்கு இன்டர்ஃபெரான் மருந்து பெற்றோரில் கணிசமானோர் சில வாரங்களுக்குள் மனச்சோர்வுற்றனர். எல்லா மனச்சோர்வும் அழற்சியால் வருவதன்று. எனினும் ஒதுங்குதல் ஒருவருடைய குணக்கேடன்று என்பதற்கு இதுவே போதிய சான்று.

உடலில் வேர் இருப்பதால் சமூகத்திற்குப் பொறுப்பில்லை என்றாகாது. அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்குத் தொல்காப்பியம் காட்டும் காரணங்கள் இழிவுபடுதல், இழத்தல், நிலைதளர்தல், வறுமை ஆகியன. வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் மகப்பேற்றுக்குப் பின்வரும் மனச்சோர்வைப் பற்றி நிகழ்ந்து, 2002ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கண்டவையும் இவற்றிற்கு அயலானவை அல்ல. தாய்மார்களில் நூற்றுக்குப் பதினொருவர் புதிதாக நோயுற்றனர். வருவாய்க் குறைவு, மகனை எதிர்பார்த்த வீட்டில் மகள் பிறத்தல், மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, உதவிக்கு ஆளின்மை ஆகியன அவர்களிடம் மிகுந்திருந்தன. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 2001ஆம் ஆண்டில் விரிவாக்கப்பட வேண்டியிருந்த மாவட்டங்களுள் தருமபுரியும் ஒன்று. இங்கே பெண்ணைப் பெற்றுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் இளந்தாயை 'அழுத்தக்காரி' என்று ஏசுவது எத்தகைய கொடுமை!

கவிஞர்களுக்கு இச்செய்தி அயலதன்று. 'ழ' இதழை நடத்திய ஆத்மாநாம் மனநோயால் அலைக்கழிந்து, 1984ஆம் ஆண்டில், 33 வயதில், பெங்களூரில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய படைப்புகளைத் தொகுத்து 2002ஆம் ஆண்டில் நூலாக்கியவர், தருமபுரியில் ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றிய கவிஞர் பிரம்மராஜன். அத்தொகுப்பு தமிழுக்குப் பெரும்பேறு. ஆனால் நோய்தான் கவிதையைத் தந்தது என்று எவரும் மயங்கலாகாது. மனச்சோர்வு சொல்லைத் தருவதில்லை. சொல்லைத் தேடும் ஆற்றலையே குன்றச் செய்கிறது. எழுதப்படாமற்போன கவிதைகளுக்குத் தொகுப்பாசிரியர் இல்லை.

செய்யத்தக்கது உண்டு. கோவாவில் நடந்து 2017ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களே கடும் மனச்சோர்வுற்ற பலரை மீட்டனர். விட்டுப்போன சிறு செயல்களையும் உறவுகளையும் ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்கச் செய்வதே அவர்கள் கையாண்ட முறை. இலக்கிய வட்டம் மருத்துவமனை ஆகாது. ஆனால் வராதவரின் வீட்டுக்கு ஒருவர் போகலாம். 'ஏன் வரவில்லை' என்று வினவாமல் அருகில் அமர்ந்திருக்கலாம். மறுமொழி வராவிடினும் மறுவாரமும் போகலாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உடன் செல்லலாம். சாவைப் பற்றிய பேச்சு எழுந்தால் தனியே விடாமல், 14416 என்னும் அரசின் மனநல உதவி எண்ணை உடனே அழைக்கலாம்.

பத்தாண்டுகளில் இவ்வட்டம் எத்தனை கூட்டம் நடத்தியது, எத்தனை நூல் வெளியிட்டது என்பதை இம்மலர் கணக்கிடும். வருவதை நிறுத்திக்கொண்டவர்கள் யார் யார் என்ற கணக்கும் ஒருமுறை எடுக்கப்பட வேண்டும். ஔவை பாடியது அதியமான் மாண்டபின். இருப்பவர் இருக்கும்போதே சென்று காண்பதற்குப் பாட்டு வேண்டியதில்லை. ஒரு மாலைப்பொழுது போதும்.